காருக்குள்ளே ஒரு கட்டைவிரல் அதிசயம்! பென்டிரைவ் பாட்டின் ரகசியங்கள் தெரியுமா?

சாவியைத் திருகுகிறோம். டேஷ்போர்டில் சின்ன விளக்கு ஒன்று மினுக்குகிறது. இரண்டு நொடி மௌனம். பிறகு பாட்டு!

அந்த இரண்டு நொடிக்குள் என்னென்ன நடக்கிறது தெரியுமா? சிறைப்பட்டுக் கிடக்கும் எலெக்ட்ரான்களைக் கார் எண்ணிப் பார்க்கிறது. 1977-ல் பிறந்த ஒரு கணக்கு முறையைப் புரட்டுகிறது. செவ்வாய்க் கிரகத்தில் ஓடிய வண்டியையே மயங்கி விழவைத்த ஒரு சிக்கலைத் தாண்டி வருகிறது. இவ்வளவும் முடிந்த பிறகுதான் நம் காதில் முதல் இசை விழுகிறது!

'பென்டிரைவ்தானே, எதையாவது வாங்கிச் செருகினால் போச்சு' என்று நினைப்பவரா நீங்கள்? செருகியும் பாடாத பென்டிரைவ் உங்கள் வீட்டு மேசை இழுப்பறையில் ஒன்றாவது கிடக்கிறதா? அப்படியானால் இது உங்களுக்காகவே!

ஒரு பென்டிரைவ், எத்தனை கேசட் தெரியுமா?

ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர் இருந்த காலம் நினைவிருக்கிறதா? வெற்றுக் கேசட்டையும், பாட்டுப் பட்டியல் எழுதிய நோட்டுத்தாளையும் கொடுத்துவிட்டு, 'எப்போ அண்ணே கிடைக்கும்?' என்று இரண்டு நாள் அலைந்த காலம்! 90 நிமிடக் கேசட் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 18 பாட்டுக்கு மேல் பிடிக்காது.

இப்போது கணக்குப் போடுங்கள். 128 கேபிபிஎஸ் தரத்தில் ஐந்து நிமிடப் பாட்டு ஒன்றுக்கு 4.8 எம்பி. 32 ஜிபி பென்டிரைவில் 6,600 பாட்டுக்கு மேல் பிடிக்கும். கேசட்டில் சொன்னால் சுமார் 370! நிறுத்தாமல் ஓடவிட்டால் 23 பகல், 23 இரவு பாடும். தரத்தை 320 கேபிபிஎஸ் ஆக உயர்த்தினாலும் 2,600 பாட்டுக்குக் குறையாது. ஒரு வீட்டு அலமாரி முழுக்க அடுக்கிய கேசட்டுகள் சட்டைப்பைக்குள் வந்துவிட்டன!

காருக்குள் இசைத்தட்டே சுழன்றது தெரியுமா?

1956-ல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் ஓடும் காருக்குள் ரெக்கார்டு பிளேயரையே பொருத்தியது! 'ஹைவே ஹை-ஃபை' என்பது அதன் பெயர். ஏழு அங்குலத் தட்டு, நிமிடத்துக்குப் பதினாறே முக்கால் சுற்றுக்கும் சற்றுக் குறைவு. அந்தத் தட்டுகளைக் கொலம்பியா நிறுவனம் ஒன்றுதான் வெளியிட்டது. அந்த ஏற்பாடு நீடிக்கவில்லை.

இன்னொரு செய்தி! 'மோட்டரோலா' என்ற பெயரே கார் ரேடியோவுக்காகப் பிறந்தது தெரியுமா? 1930-ல் கார் ரேடியோ செய்த கால்வின் நிறுவனம், 'மோட்டார்' என்ற சொல்லோடு அன்றைய இசைப்பெட்டிகளின் பெயர்களில் ஒலித்த 'ஓலா'வைச் சேர்த்து அந்தப் பெயரை வைத்தது.

யுஎஸ்பியின் பின்னால் ஓர் இந்தியர் இருப்பது தெரியுமா?

குஜராத்தில் பிறந்து, பரோடாவில் பொறியியல் படித்து, இன்டெல் நிறுவனத்தில் வேலைக்குப் போனவர் அஜய் பட். எல்லாக் கருவிக்கும் ஒரே செருகுவாய் என்ற யுஎஸ்பி முறையை உருவாக்கிய குழுவில் முன்நின்றவர். 1996 ஜனவரியில் அதன் முதல் பதிப்பு வந்தது. ஒரு தடவை செருகினால் போகாது, திருப்பிப் போட்டாலும் போகாது, மறுபடி திருப்பினால் போகும் என்று உலகமே அலுத்துக்கொள்கிறதே, அதற்கும் அவரே காரணம் சொல்லியிருக்கிறார். இரண்டு பக்கமும் செருகும்படி செய்திருந்தால் கம்பிகளும் சுற்றுகளும் இரட்டிப்பாகிச் செலவும் இரட்டிப்பாகியிருக்குமாம்!

உங்கள் பென்டிரைவின் வாய்க்குள் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். தங்க நிறத்தில் நான்கு பட்டைகள் தெரிகின்றனவா? ஓரத்தில் உள்ள இரண்டும் சற்று நீளம், நடுவில் உள்ள இரண்டும் குட்டை. ஏன் தெரியுமா? ஓரத்துப் பட்டைகள் மின்சாரத்துக்கு, நடுப்பட்டைகள் தகவலுக்கு. செருகும்போது மின்சாரம் முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் அளவு வித்தியாசத்தில் எவ்வளவு யோசனை!

பாட்டு என்பது சிறைப்பட்ட எலெக்ட்ரான் தெரியுமா?

பென்டிரைவுக்குள் சுழலும் தட்டு இல்லை, ஓடும் நாடா இல்லை. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான அறைகள். அவற்றில் அடைபட்ட எலெக்ட்ரான்கள். அவ்வளவுதான்! எந்த அறையில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் பாட்டு. மின்சாரம் இல்லாவிட்டாலும் அவை வெளியேறாது.

இந்த வகை நினைவகத்தைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் இருந்த ஃபூஜியோ மசுவோகா. 1984-ல் உலகத்துக்கு அறிவித்தார். ஒரே வீச்சில் ஒரு பகுதி முழுவதும் அழிந்துபோவதைப் பார்த்த சக ஊழியர் அரீசுமிக்குக் கேமராவின் பளிச் நினைவுக்கு வந்ததாம். 'ஃப்ளாஷ்' என்ற பெயர் அப்படித்தான் வந்தது!

2000-ல் சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் 'தம்ப்டிரைவ்' என்ற பெயரில் பென்டிரைவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஐபிஎம் விற்றது வெறும் 8 எம்பி! இன்றைய கணக்கில் இரண்டு பாட்டுக்கூட முழுதாகப் பிடிக்காது.

வேகமான பென்டிரைவ் வாங்கினாலும் பாட்டின் தரம் உயராது தெரியுமா?

கடைக்காரர் 'இது யுஎஸ்பி 3, சூப்பர் ஸ்பீடு' என்று கூடுதல் விலை சொல்கிறாரா? கொஞ்சம் பொறுங்கள்! 2000-ல் வந்த யுஎஸ்பி 2.0 ஒரு நொடிக்கு 48 கோடி பிட் கடத்த வல்லது. மிக உயர்ந்த தரத்து எம்பி3 பாட்டுக்கு நொடிக்குத் தேவை 3 லட்சத்து 20 ஆயிரம் பிட். 1,500 மடங்கு உபரி! ஆறு வழிச் சாலையில் ஒரு சைக்கிள் போகிற மாதிரி.

வேகம் எங்கே உதவும்? கம்ப்யூட்டரிலிருந்து பாட்டை ஏற்றும்போது மட்டும். காரில் கேட்கும்போது பழைய யுஎஸ்பி 2.0 பென்டிரைவும் அதே இசையைத்தான் தரும்.

இன்னொன்றும் கேளுங்கள். யுஎஸ்பி 3.0 கருவிகள் இயங்கும்போது எழும் மின்னிரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தொந்தரவு செய்யக்கூடும் என்று இன்டெல் நிறுவனமே 2012-ல் அறிக்கை வெளியிட்டது. நம் புளூடூத் பேசுவதும் அதே அலைவரிசையில்தான்!

கார் ஏன் 'ஃபேட் 32' மட்டும் கேட்கிறது தெரியுமா?

பென்டிரைவ் என்பது பெரிய குடோன் என்றால், எந்தச் சரக்கு எந்த மூலையில் இருக்கிறது என்று எழுதிவைக்க ஒரு பேரேடு வேண்டுமல்லவா? அந்தப் பேரேட்டைப் புதிதாகத் தொடங்குவதுதான் 'ஃபார்மேட்'. பேரேடு எழுதும் முறைகள் பல. என்டிஎஃப்எஸ் 1993-ல் வந்தது, எக்ஸ்ஃபேட் 2006-ல் வந்தது. ஆனால் இவற்றுக்கெல்லாம் மூத்தது ஃபேட்! மைக்ரோசாஃப்டின் தொடக்கக் காலத்தில், 1977-ல், மார்க் மெக்டொனால்டு எழுதியது. அதன் வளர்ந்த வடிவமான ஃபேட் 32 வந்தது 1996-ல்.

புதிது இருக்கும்போது கார் ஏன் பழசைப் பிடித்துக்கொண்டிருக்கிறது? ஒரு காரின் ஸ்டீரியோவை வடிவமைப்பது, அந்தக் கார் ஷோரூமுக்கு வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே. பிறகு அந்தக் கார் பத்து, பதினைந்து ஆண்டு ஓடும். எக்ஸ்ஃபேட் முறையின் முழு விவரக் குறிப்பை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டதே 2019 ஆகஸ்டில்தான். அதுவரை கருவி தயாரிப்பவர்கள் உரிமம் வாங்கித்தான் பயன்படுத்தினார்கள். ஆகவே எல்லாருக்கும் தெரிந்த ஒரே மொழி ஃபேட் 32 என்று ஆகிவிட்டது.

இந்தப் பேரேடு நீதிமன்றப் படியும் ஏறியது தெரியுமா? கார்களுக்கு வழிகாட்டும் கருவி செய்யும் நெதர்லாந்தின் டாம்டாம் நிறுவனம் மீது 2009 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் வழக்குப் போட்டது. ஃபேட் முறையில் ஃபைலுக்கு நீளமான பெயர் வைக்கும் நுட்பத்துக்கான காப்புரிமையும் அந்த வழக்கில் இருந்தது. ஒரே மாதத்தில் சமரசம் ஆனது. ஒரு பெயரின் நீளத்துக்காக ஒரு வழக்கு!

32 ஜிபி எல்லை ஒரு மழைநாளில் பிறந்தது தெரியுமா?

64 ஜிபி பென்டிரைவைக் கம்ப்யூட்டரில் செருகி ஃபார்மேட் செய்யப் போனால், அந்தப் பட்டியலில் ஃபேட் 32 என்ற பெயரே காணாமல்போகிறதே, பார்த்திருக்கிறீர்களா? ஃபேட் 32 முறைக்கு வலுவில்லையோ என்று நினைத்துவிடாதீர்கள். அது 2 டிபி வரை தாங்கும்!

பிறகு யார் வைத்தது இந்த எல்லை? அன்று மைக்ரோசாஃப்டில் பொறியாளராக இருந்த டேவ் பிளம்மர் தானே சொன்ன கதை இது. 1994-ன் இறுதியில் ஒரு வியாழக்கிழமை காலை, வெளியே மழை. விண்டோஸின் ஃபார்மேட் பெட்டியைத் தற்காலிகமாக இருக்கட்டும் என்று அவர் வடிவமைத்தார். அழகான பெட்டி பிறகு வரும் என்ற எண்ணம். எல்லையாக 32 ஜிபி என்று ஓர் எண்ணையும் தேர்ந்தெடுத்தார். அழகான பெட்டி வரவே இல்லை. தற்காலிகப் பெட்டி முப்பது ஆண்டு நிலைத்துவிட்டது! 2024 ஆகஸ்டில்தான் விண்டோஸ் 11 சோதனைப் பதிப்பு ஒன்றில், கட்டளை எழுதிச் செய்யும் வழியில், அந்த எல்லை 2 டிபி ஆக உயர்ந்தது.

கையில் 64 ஜிபி இருக்கிறதே என்று கவலை வேண்டாம். ரூஃபஸ் போன்ற இலவச மென்பொருளில் அதையும் ஃபேட் 32 ஆக ஃபார்மேட் செய்யலாம். புதிதாக வாங்குவதாக இருந்தால் 16 அல்லது 32 ஜிபி போதும். எந்த வித்தையும் தேவைப்படாது.

செவ்வாய்க் கிரகத்திலும் இதே தொல்லை வந்தது தெரியுமா?

மூச்சைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள்! 2004 ஜனவரியில் நாசாவின் 'ஸ்பிரிட்' ரோவர் செவ்வாயில் இறங்கியது. மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஜனவரி 21 அன்று திடீரென்று பேச்சு நின்றது. பிறகு தெரிந்த உண்மை, ரோவர் தன்னைத்தானே அணைத்து அணைத்து மறுபடி தொடங்கிக்கொண்டே இருந்தது. 60 தடவைக்கு மேல்! இரவில் தூங்கவும் முடியாமல் பேட்டரி வடிந்துகொண்டிருந்தது.

காரணம் என்ன? அதனுள் இருந்த 256 எம்பி ஃப்ளாஷ் நினைவகம். அதில் இருந்ததும் ஃபேட் வகைப் பேரேடுதான்! பூமியிலிருந்து ஏழு மாதம் பயணம் செய்தபோது சேர்ந்த ஃபைல்கள், இறங்கிய பிறகு சேர்ந்த ஃபைல்கள் என்று எண்ணிக்கை பெருகிவிட்டது. பேரேடு முழுவதையும் மூளைக்குள் ஏற்றப் பார்த்த ரோவருக்கு இடம் போதவில்லை. மயங்கி விழுந்தது, எழுந்தது, மறுபடி பேரேட்டைத் திறந்தது, மறுபடி மயங்கியது.

பூமியில் இருந்த பொறியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஃப்ளாஷ் நினைவகத்தைத் தொடாமல் எழுந்திரு என்று கட்டளை அனுப்பினார்கள். தேவையில்லாத ஃபைல்களை அழித்தார்கள். கடைசியில் அதை ஃபார்மேட் செய்தார்கள். ஆமாம், நாம் மேசையில் உட்கார்ந்து செய்யும் அதே ஃபார்மேட், பல கோடி கிலோமீட்டருக்கு அப்பால்! 90 செவ்வாய் நாள் உழைத்தால் போதும் என்று அனுப்பிய ரோவர் 2010 மார்ச் வரை பூமியோடு பேசியது.

இதில் நமக்கு என்ன பாடம்? கார் ஸ்டீரியோவின் மூளையும் சின்னதுதான். செருகியதும் பேரேட்டை வாசித்து நினைவில் வைக்கப் பார்க்கிறது. ஆயிரக்கணக்கான பாட்டை ஒரே ஃபோல்டரில் கொட்டினால் திணறும். அதனால்தான் கார்க் கையேட்டில் ஒரு ஃபோல்டருக்கு இத்தனை ஃபைல், மொத்தம் இத்தனை, ஃபோல்டருக்குள் ஃபோல்டர் இத்தனை அடுக்கு என்று எல்லை போட்டிருக்கிறார்கள். ஒரு ஃபோல்டருக்கு 255 என்பது பல கையேடுகளில் காணும் எண். அந்தப் பக்கத்தை ஒரு தடவை எடுத்துப் படியுங்கள்!

நீங்கள் அடுக்கிய வரிசை காருக்குத் தெரியாது, தெரியுமா?

என் பெரியப்பா ஓய்வு பெற்ற பிறகு பழைய கார் ஒன்று வாங்கினார். வண்டி எடுக்கும்போது முதலில் 'விநாயகர் அகவல்' கேட்க வேண்டும், அதன் பிறகுதான் மற்றது. அறுபது பாட்டு ஏற்றி முடித்த பிறகுதான் அகவல் விட்டுப்போனது நினைவுக்கு வந்தது. அதையும் ஏற்றி, பெயருக்கு முன்னால் 01 என்று போட்டார். கம்ப்யூட்டரில் பார்த்தால் அதுதான் முதலில் நிற்கிறது. காரில் செருகினால் ஏதோ ஒரு டூயட்!

"ஏன் தம்பி, பிள்ளையாரைத்தானே முதல்ல வெச்சேன்? இது எங்கேர்ந்தோ ஆரம்பிக்குதே!"

"நீங்க அவரைக் கடைசியிலதான் ஏத்தியிருக்கீங்க பெரியப்பா. காருக்கு அதுதான் தெரியும்."

"பேர்ல 01 போட்டிருக்கேனே?"

"இது பேரைப் பாக்காது. வந்த வரிசையைத்தான் பாக்கும்."

விஷயம் இதுதான். ஃபேட் பேரேட்டில் ஒவ்வொரு ஃபைலுக்கும் 32 பைட் அளவில் ஒரு வரி எழுதப்படும். முதலில் வந்தது முதல் வரியில், கடைசியில் வந்தது கடைசி வரியில். கம்ப்யூட்டர் நம் கண்ணுக்கு அகர வரிசையில் அடுக்கிக் காட்டுகிறது. பேரேட்டில் ஒன்றும் மாறுவதில்லை. பல கார் ஸ்டீரியோக்கள் அடுக்கும் வேலைக்கே போவதில்லை. பேரேட்டில் எழுதிய வரிசைப்படியே பாடிவிடும்! நடுவில் ஒரு பாட்டை அழித்துவிட்டு வேறு பாட்டை ஏற்றினால், இடம் பொருந்தும்போது அது அழிந்த பாட்டின் வரியிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும்.

அன்று மாலை நாங்கள் செய்தது இவ்வளவுதான். எல்லாப் பாட்டையும் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டருக்கு மாற்றினோம். பெயருக்கு முன்னால் 01, 02, 03 என்று எண் போட்டோம். பென்டிரைவை ஃபேட் 32 ஆக ஃபார்மேட் செய்தோம். அகவலை முதலில் ஏற்றி, பிறகு மற்றவற்றைப் பெயர் வரிசையில் ஏற்றினோம். சாவியைத் திருகினார். பிள்ளையார் வந்தார்! பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. ஸ்டியரிங் மேல் இருந்த கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இவ்வளவு மெனக்கெட நேரமில்லையா? விண்டோஸில் 'டிரைவ்சார்ட்', லினக்ஸில் 'ஃபேட்சார்ட்' என்ற சின்ன மென்பொருள்கள் பேரேட்டின் வரிகளையே மாற்றி அடுக்கிவிடும். எண் போடும்போது ஒன்றுக்கு 1 என்று போடாமல் 01 என்றே போடுங்கள். பெயரைப் பார்த்து அடுக்கும் ஸ்டீரியோக்களும் உண்டு. அவற்றில் சில, 1-க்கு அடுத்து 10, 11 என்று போய்விட்டுத்தான் 2-க்கு வரும்!

தமிழ்ப் பெயர் ஏன் கட்டம் கட்டமாகத் தெரிகிறது தெரியுமா?

'விநாயகர் அகவல்' எத்தனை எழுத்து? நமக்கு ஒன்பது. கம்ப்யூட்டருக்கு இடைவெளியையும் சேர்த்து 14! 'வி' என்பதை 'வ' ஒரு குறி, கொக்கி ஒரு குறி என்று பிரித்துத்தான் யூனிகோட் வைத்திருக்கிறது. ஃபேட் பேரேட்டில் நீளப் பெயருக்கு ஒரு வரியில் 13 குறிதான் பிடிக்கும். ஆக அகவலுக்கு ஒரு வரி போதாது!

பாட்டின் விவரம் ஃபைலுக்குள்ளேயும் எழுதப்படுகிறது. 1996-ல் வந்த ஐடி3 முறையில் அதற்கு ஒதுக்கியது ஃபைலின் வாலில் மொத்தம் 128 பைட். அதில் பாட்டின் தலைப்புக்கு 30. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்! அகவலின் பெயருக்கு 40 வேண்டும். பிள்ளையாருக்கே இடம் போதவில்லை பாருங்கள்! அடுத்து வந்த ஐடி3 இரண்டாம் பதிப்பு ஃபைலின் தலைப்பக்கத்தில் தாராளமாக இடம் கொடுத்தது. பாட்டின் அட்டைப்படம்கூட அதற்குள்தான் இருக்கிறது.

ஆனாலும் ஸ்டீரியோவுக்குள் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் கட்டம்தான் தெரியும். அந்த வண்டியில் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைப்பதே வழி. தமிழ் நன்றாகத் தெரிகிறதா? உங்கள் வண்டிக்கு ஒரு சபாஷ்! தமிழிலேயே வையுங்கள்.

பாடாத பேய்ப் பாட்டு தெரியுமா?

ஆப்பிள் மேக் கம்ப்யூட்டரில் ஏற்றிய பென்டிரைவில், ஒவ்வொரு பாட்டோடும் அதே பெயரில் புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்த குட்டி ஃபைல் ஒன்றும் ஒட்டிக்கொண்டு வருவது உண்டு. மேக்கில் அது கண்ணுக்குத் தெரியாது. கார் அதையும் பாட்டு என்று நம்பி எடுத்துப் பார்த்து, 'படிக்க முடியவில்லை' என்று சொல்லும்! அந்தக் குட்டி ஃபைல்களை அழித்துவிட்டால் தீர்ந்தது. மேக்கில் ஃபார்மேட் செய்வதானால் 'எம்எஸ்-டாஸ் ஃபேட்', 'மாஸ்டர் பூட் ரெக்கார்டு' இரண்டையும் தேர்ந்தெடுங்கள். ஜிபிடி என்ற புதிய பகுப்பு முறை பல ஸ்டீரியோக்களுக்குத் தெரியாது.

அழித்தாலும் அழியாது தெரியுமா?

ஃபேட் முறையில் ஒரு ஃபைலை அழித்தால் பாட்டு அப்படியே இருக்கும்! பேரேட்டில் அதன் பெயருடைய முதல் எழுத்து மட்டும் ஒரு தனிக் குறியாக மாறும். அந்த இடம் காலி என்றும் குறிக்கப்படும். 'குயிக் ஃபார்மேட்' செய்தாலும் பேரேடுதான் புதிதாகும். காரை விற்கும்போது குடும்பப் படங்கள் வைத்திருந்த பென்டிரைவைச் செருகியபடியே கொடுத்துவிடாதீர்கள்!

இதையும் கேளுங்கள். ஃபேட் பேரேட்டில் நாட்காட்டியே 1980-ல்தான் தொடங்குகிறது, 2107-ல் முடிகிறது. ஒரு ஃபைலைக் கடைசியாக மாற்றிய நேரத்தில் ஒற்றைப்படை நொடிக்கு இடமே கிடையாது. இரண்டு இரண்டு நொடியாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்!

32 வாங்கினால் 29.8 தான் காட்டும் தெரியுமா?

கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபி என்றால் நூறு கோடி பைட் என்கிறார். விண்டோஸ் 107 கோடியே 37 லட்சம் பைட்டைத்தான் ஒரு ஜிபி என்று எண்ணுகிறது. அளக்கும் படி வேறு, அவ்வளவுதான்.

ஆனால் உண்மையான ஏமாற்றும் உண்டு! உள்ளே இருப்பது 8 ஜிபி, கம்ப்யூட்டரிடம் தன்னை 512 ஜிபி என்று சொல்லிக்கொள்ளும் போலிகள் உலகெங்கும் விற்கின்றன. எட்டு ஜிபி நிறையும் வரை எல்லாம் சரியாக இருக்கும். அதற்கு மேல் ஏற்றியது எங்கேயும் போய்ச் சேராது. எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் பென்டிரைவ் முழுவதையும் நிரப்பி, திரும்பப் படித்து, உண்மையைச் சொல்லிவிடும். புதிதாக வாங்கியதும் முதல் வேலை இந்தச் சோதனைதான்!

வெயிலில் நின்ற கார் அடுப்பு தெரியுமா?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸைத் தொட்டது! வேலூர் வெயிலையும் திருச்சி வெயிலையும் அறிந்த நமக்குச் சொல்லித் தர வேண்டுமா? பல பென்டிரைவ்கள் இயங்குவதற்கான வெப்ப எல்லையே 60 டிகிரிதான். சிலவற்றுக்கு அதற்கும் கீழே. சூடு ஏற ஏற, சிறைப்பட்ட எலெக்ட்ரான்கள் மெல்லக் கசியத் தொடங்கும். பாட்டு கெடுவது அப்படித்தான்.

நேர் வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள். வண்டியை நிழலில் நிறுத்த முடியாத நாளில் பென்டிரைவைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் வகையைவிட நகம் அளவுக் குட்டி வகை நல்லது. கை பட்டோ முழங்கால் இடித்தோ செருகுவாய் உடையாது. எல்லாப் பாட்டுக்கும் ஒரு நகல் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கட்டும்.

எம்பி3 பெயருக்குப் பிறந்தநாள் உண்டு தெரியுமா?

ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வாளர்கள் 1995 ஜூலை 14 அன்று ஃபைல் பெயருக்கு எம்பி3 என்ற பின்னொட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். சிடியில் ஒரு நொடிப் பாட்டுக்கு 14 லட்சத்து 11 ஆயிரம் பிட் தேவைப்பட்டதை, மனிதக் காதுக்குக் கேட்காத பகுதிகளைக் கழித்து 1 லட்சத்து 28 ஆயிரத்துக்குக் கொண்டுவந்த வித்தை அது! 2017 ஏப்ரலில் அவர்களுடைய உரிமத் திட்டமும் முடிந்துபோனது. மற்ற வகை ஃபைல்களைச் சில வண்டிகள் பாடும், சில பாடாது. எம்பி3 என்றால் யுஎஸ்பி வைத்த வண்டிகளில் மறுப்பு வருவது அரிது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது

நம்பகமான கடையில் 16 அல்லது 32 ஜிபி பென்டிரைவ் வாங்குங்கள். போலியா என்று சோதியுங்கள். கம்ப்யூட்டரில் செருகி, வலது பொத்தானை அழுத்தி, ஃபார்மேட்டில் ஃபேட் 32 தேர்ந்தெடுங்கள். ஒதுக்கீட்டு அளவு என்று கேட்கும் இடத்தில் எதையும் மாற்ற வேண்டாம். படத்துக்கு ஒன்று, பாடகருக்கு ஒன்று என்று ஃபோல்டர் போட்டு, ஒவ்வொன்றிலும் அளவாக எம்பி3 பாட்டுகளை 01, 02 என்ற வரிசையில் ஏற்றுங்கள். 'எஜெக்ட்' கொடுத்த பிறகு கழற்றுங்கள். காரில் செருகும்போது, சார்ஜ் ஏற்ற மட்டுமே உள்ள துளையா, பாட்டுக்கான துளையா என்று பாருங்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும்!

பெரியது, வேகமானது, புதியது என்று தேடி ஓடாதீர்கள். உங்கள் காருக்கு எந்த மொழி தெரியுமோ அந்த மொழியில் பேசும் சின்னப் பென்டிரைவ்தான் நல்ல பென்டிரைவ். இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அப்பாவின் காருக்கோ, பெரியப்பாவின் காருக்கோ, அவர்கள் விரும்பும் பாட்டு முதலில் வரும்படி ஒரு பென்டிரைவ் தயாரித்துக் கொடுங்கள்!